சம்பந்தியைப் பார்க்கத் தகுந்த கவசம்

எந்தத் தலைக்கவசம் என்று முடிவாகாமல் பாதுகாப்பு அதிகாரி கணினி முன்னால் வெகு நேரமாக உட்கார்ந்திருந்தார். கொதிகலன் தொழிற்சாலையில், வெறுந்தலையோடு வந்த முதலாளியையே வாசலோடு திருப்பி அனுப்பியவர் அவர். இன்றைக்கு மகளின் கல்யாணப் பேச்சு.

மகளும் பையனும் பழகியதே இந்த இணைய விளையாட்டில்தான். பையனின் அப்பா கடல் கடந்து இருப்பவர். நேரில் பேசினால் நாக்கு ஒட்டிக்கொள்ளும், விளையாட்டுக்குள் வந்தால் மனம் விட்டுப் பேசலாம் என்று சொல்லி அனுப்பியிருந்தார். மகள் தன் ஆயுதப் பெட்டியைத் திறந்துவைத்தாள்.

"எதையாவது எடுத்துப் போட்டுக்கிட்டு, கோட்டையில போய்ப் பேசிட்டு வாங்கப்பா. அவர் சரின்னுட்டா எல்லாம் முடிஞ்ச மாதிரி," என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டாள்.

'எதையாவது' என்பதை அவர் தம் உத்தியோகத்தில் ஒருபோதும் அனுமதித்ததில்லை.

"இரும்புத் தொப்பி இருக்கு, கொம்பு வெச்சதும் இருக்கு," என்றார் மனைவியிடம்.

"கொம்பு வேணாம். உங்களுக்கு அது இருக்கிறது கல்யாணத்துக்கு அப்புறம் தெரிஞ்சா போதும்."

இருப்பதிலேயே கனமானதை எல்லாம் மாட்டிக்கொண்டார். திரையில் அவருடைய வீரன் ஆமை நடை நடந்து கோட்டை வாசலை அடைந்தான். அங்கே அரைக்கால் சட்டையோடு, காலில் செருப்புகூட இல்லாமல் ஒரு கிழவன் நின்றிருந்தான்.

"வாங்க, வாங்க," என்றது ஹெட்போனில் ஒரு குரல்.

"தலையில ஒண்ணும் இல்லாம நிக்கிறியேப்பா, மேல இருந்து ஏதாவது விழுந்தா?"

"மேல வானம்தானுங்க இருக்கு."

"அடிபட்டவன் எல்லாம் இதைத்தான் சொன்னான். இந்தா, கேடயத்தைப் பிடி."

கிழவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். பிறகு கேடயத்தைப் பிடித்துக்கொண்டான்.

கிழவனும் பின்னாலேயே வந்தான். உள்ளே, உயரமான இருக்கையில் ஒருவர் வீற்றிருந்தார். உச்சி முதல் பாதம் வரை கவசம். கையுறை முழங்கை வரைக்கும் ஏறியிருந்தது. பாதுகாப்பு அதிகாரிக்குக் கண் நிறைந்துவிட்டது.

"மனுஷன்னா இவர்தான்," என்று மனைவியிடம் கிசுகிசுத்துவிட்டு, வணக்கம் சொன்னார்.

அவர் ஒரு பார்வை பார்த்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"வெறும் இரும்புன்னு நினைச்சிருப்பார். நல்லதா எடுங்க," என்றாள் மனைவி.

நெருப்பு நாகத்தின் தோலில் செய்த கவசத்தை எடுத்தார். அணிபவரை நெருப்பு தொடாது என்று அதில் எழுதியிருந்தது. பக்கத்தில் நிற்பவரைப் பற்றி எதுவும் எழுதவில்லை. கழற்றிய இரும்பை மூட்டையாகக் கட்டித் தோளில் வைத்திருந்த கிழவனின் தாடி பற்றிக்கொண்டது.

"ஐயா, ஒரு விஷயம் சொல்லணும்..."

"முதல்ல தாடியை அணை. பேச்சு அப்புறம்."

இருக்கையில் இருந்தவர் பார்த்தார். திருப்பிக்கொண்டார்.

நெருப்பை அடக்கப் பனிக் காலணியைப் போட்டார். தரை உறைந்து, கால் அதில் ஒட்டிக்கொண்டது. "பின்னால இருந்து லேசாத் தள்ளுப்பா," என்றார். கிழவன் லேசாகத்தான் தள்ளினான். பாதுகாப்பு அதிகாரி கூடம் முழுவதும் வழுக்கிப் போய் அந்தப் பெரியவரின் முழங்காலில் முட்டி நின்றார்.

"முதல் சந்திப்பிலேயே கால்ல விழுந்துட்டீங்க," என்றாள் மனைவி. "இதுக்கு மேல என்ன மரியாதை வேணுமாம்?"

பெரியவர் பார்த்தார். திருப்பிக்கொண்டார்.

அப்போதுதான் பாதுகாப்பு அதிகாரி அதைச் செய்தார். தலைக்கவசத்தைக் கழற்றினார். பணிக்காலம் முழுவதும் யாருக்காகவும் கழற்றாதவர், வெறுந்தலையோடு நின்று, "என் பொண்ணுக்காகக் கேக்குறேன்," என்றார். மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பெரியவர் நிதானமாக, அதே பக்கம், முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பாதுகாப்பு அதிகாரி கழற்றிய கவசத்தையும் கிழவனின் மூட்டை மேல் வைத்தார்.

"நீ எப்படிப்பா இவர்கிட்ட காலம் தள்ளுற? என் பொண்ணு வீட்டுக்குள்ள வந்தா, சிரிச்சுக்கிட்டேதான் செருப்பைக் கழட்டுவா. அவளை இந்த இரும்புத் தூண்கிட்ட அனுப்ப மாட்டேன். தாடி எரிஞ்சும் கொஞ்சமும் முகம் சுளிக்காம நின்னியே, உன் வீட்டுல பொண்ணு கேட்டிருந்தா யோசிக்காம கொடுத்திருப்பேன். இந்தக் கல்யாணம் வேணாம். நான் போறேன்."

கிழவன் மூட்டையைத் தோள் மாற்றிக்கொண்டு, கருகிய தாடியைத் தடவினான்.

"அந்தப் பொம்மை யார் வந்தாலும் அப்படித்தான் முகத்தைத் திருப்பும், அதை விடுங்க, நான் இந்த மூட்டையை இறக்கி வெச்சிட்டுப் பேசலாமா, சம்பந்தி?"