ராபின்சனா? லெனர்டா? ரெண்டு கண்ணா?

"தலைப்பு என்னன்னாவது கேட்டீங்களா?" என்று மனைவி ராஜலக்ஷ்மி கேட்ட பிறகுதான், கேட்கவே இல்லை என்பது சிவகுருநாதனுக்கு உறைத்தது.

அதற்குள் கரீம் பாட்சா மாடிப்படி இறங்கிப் போய்விட்டார். தாராவியில் தோல் பைக் கடை வைத்திருப்பவர். அங்கே உள்ள குத்துச்சண்டை கிளப்புக்கும் அவர்தான் தலைவர். கிளப் ஆண்டு விழாவில் பட்டிமன்றம், நடுவர் நீங்கள்தான் என்று மாதுங்கா வரை தேடி வந்து ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு அழைப்பிதழை நீட்டினார். சிவகுருநாதன் தலையை ஆட்டிவிட்டார். ரயில்வே ஆபீசில் முப்பத்துநாலு வருஷம் ஆடிப் பழகிய தலை அது.

அழைப்பிதழைப் பிரித்தார். 'வெல்டர்வெயிட் குத்துச்சண்டை வீரர்களில் என்றென்றும் முதலிடம் யாருக்கு? சுகர் ரே ராபின்சனுக்கா? சுகர் ரே லெனர்டுக்கா?'

"வெல்டர்வெயிட்டுன்னா என்னங்க?"

அவர் போனில் தேடிப் பார்த்தார். "அறுபத்தேழு கிலோவுக்குள்ள இருக்கணுமாம்."

"நீங்க அறுபத்தஞ்சு. எடை சரியாத்தான் இருக்கு. குத்துதான் வராது."

இது வயிற்றெரிச்சலில் வந்த பேச்சு. போன மாசம் கரீம் பாட்சா கடையில் ஒரு பிரவுன் பையை ஒரு தோளிலும் கறுப்புப் பையை மறு தோளிலும் மாட்டிக்கொண்டு, "எது நல்லாருக்கு?" என்று கேட்டாள். "ரெண்டும் ரெண்டு கண்ணு மாதிரி" என்றார். அரைமணி நேரம் கேட்டும் அதே பதில். கடைசியில் இரண்டையும் அங்கேயே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

அந்தக் கண் அவருடைய தொழில் ரகசியம். மாதுங்கா, செம்பூர், முலுண்ட் என்று எந்த மேடையில் ஏறினாலும் தீர்ப்பு அதுதான். மாமியாரா, மருமகளா? இரண்டும் இரண்டு கண்கள். பணமா, பாசமா? இரண்டும் இரண்டு கண்கள். இருபது வருஷ நடுவர் வாழ்க்கையில் அவருக்கு எதிரி என்று ஒருவர்கூடக் கிடையாது. ரசிகர் என்றும் யாரும் கிடையாது என்பாள் ராஜலக்ஷ்மி.

சாயங்காலம் கரீம் பாட்சாவே போன் செய்தார். "சார், டாப் டென் லிஸ்ட்ல மூணுலேர்ந்து பத்து வரைக்கும் நாங்களே பேசி முடிச்சிட்டோம். ஒண்ணும் ரெண்டும் மட்டும் ஒங்க கையில. ஜனங்க இந்தத் தடவை ஒரே பேரைக் கேக்குது. சொல்லிருவியளா?"

"சொல்லலாம்" என்று இழுத்தார் சிவகுருநாதன். "சொல்லாமலும் இருக்கலாம்."

மறுமுனையில் யாரோ சிரித்த மாதிரி இருந்தது.

மறுநாள் காலை கிளப்பின் கோச் பிச்சை வந்தான். அவன் உட்கார்ந்ததும் நாற்காலி முனகியது. "சார், ராபின்சன்தான் ஒண்ணாம் நம்பர். வருசக்கணக்கா, தொண்ணூத்தியொரு சண்டை, தோக்காம நின்ன மனுசன். அது ஒங்க வாயால வரணும், பாத்துக்கிடுங்க." சொல்லிக்கொண்டே சிவகுருநாதனின் தோளில் கையை வைத்தான். தோள் இரண்டு அங்குலம் கீழே போயிற்று.

வாய் என்றதும் சிவகுருநாதனுக்குப் பல் நினைவு வந்தது. போன வாரம்தான் முன்வரிசையில் புதிதாக மூன்று பல் கட்டியிருந்தார்.

"உங்க பக்கம்தான் நியாயம்" என்றார்.

மாலையில் மாதுங்கா ஸ்டேஷன் படியில் ஜெபசெல்வி மறித்தாள். மாநில அளவில் குத்துச்சண்டை போடுகிறவள். மூக்கு இரண்டு முறை உடைந்து ஒட்டியிருந்தது. "அங்கிள், லெனர்டை விட்டா வேற யாரு? பெரிய சாம்பியன் துரானையே நடுச் சண்டையில திரும்பிப் போக வச்சவரு. இப்படித்தான்!" அவள் விட்ட குத்து சிவகுருநாதனின் வாய்க்கு ஓர் அங்குலம் முன்னால் வந்து நின்றது. மீசையில் காற்றடித்தது. "லெனர்ட். ஃபைனல் கர் தோ, முடிவு பண்ணிருங்க அங்கிள்."

"உன் பக்கமும் நியாயம்தாம்மா."

இரண்டு நாளில் தாராவி நைன்ட்டி ஃபீட் ரோட்டில் ஒரு ஃப்ளெக்ஸ் முளைத்தது: 'ராபின்சனுக்கு முதலிடம் தரவிருக்கும் நடுவருக்கு நன்றி!' எதிர்ப்பக்கத்தில் இன்னொன்று: 'லெனர்டுக்கு முதலிடம் தரவிருக்கும் நடுவருக்கு நன்றி! நன்றி!'

பதறிப்போய்ப் பிச்சைக்குப் போன் செய்தார். "நான் நியாயம்னுதான் சொன்னேன். முதலிடம்னு சொல்லலியே."

"சாருக்கு எம்புட்டு அடக்கம்!" என்றான் பிச்சை. மறுநாள் அவன் ஃப்ளெக்ஸில் நடுவரின் படமும் ஏறியது. அதைப் பார்த்த ஜெபசெல்வி சும்மா இருப்பாளா? அவள் பக்கத்தில் நடுவரின் தலையை ஒரு குத்துச்சண்டைக்காரனின் உடம்பில் ஒட்டி, கையில் சிவப்பு கிளவுஸ் மாட்டி, பத்தடி உயரத்துக்கு நிறுத்தினாள். அந்த உடம்பு எந்த வெல்டர்வெயிட்டிலும் அடங்காது.

சிவகுருநாதன் கடைசி ஆயுதத்தை எடுத்தார். தொண்டை கட்டிவிட்டது, குரலே வரவில்லை, வேறு நடுவரைப் பார்த்துக்கொள்ளவும் என்று கரீம் பாட்சாவுக்கு வாட்ஸப்பில் செய்தி அனுப்பினார். கழுத்தில் மஃப்ளரும் சுற்றிக்கொண்டார்.

ஒரு மணி நேரத்தில் கரீம் பாட்சா நேரிலேயே வந்துவிட்டார். "இதுக்குப் போயி கவலைப்படுதியளே! மேடையில போர்டு வச்சிருதேன். சாக்பீஸால தீர்ப்பை எழுதிட்டுப் போயிருங்க. பெரிய போர்டுதான் சார், எத்தனை பேரு வேணும்னாலும் எழுதலாம்."

அவர் போனதும் ராஜலக்ஷ்மி சிரித்தாள். "பேசினா மழுப்பலாம். எழுதினா என்ன செய்வீங்க?"

அன்று மத்தியானமே அந்தப் பைகளை இன்னொரு தடவை பார்த்துவிட்டு வருகிறேன் என்று தாராவிக்குப் போனாள். வெறுங்கையோடுதான் திரும்பினாள், ஆனால் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே வந்தாள்.

விழா நாள் காலையில் பல் தேய்க்கும்போது சிவகுருநாதனுக்கு வழி பிறந்தது. இரண்டு பேர் பெயருக்கு முன்னாலும் 'சுகர் ரே' இருக்கிறதே! அதை மட்டும் எழுதிவிட்டு இறங்கினால் பிச்சைக்கும் திருப்தி, ஜெபசெல்விக்கும் திருப்தி, மூன்று பல்லும் பத்திரம். சந்தோஷம் தாங்காமல் மனைவியிடம் சொன்னார்.

அவள் சிரிக்கவில்லை. "என்னைப் பொண்ணு பார்க்க வந்தீங்களே, ஞாபகம் இருக்கா? பிடிச்சிருக்கான்னு எங்க அப்பா கேட்டாங்க. 'பொண்ணும் நல்லாருக்கு, கேசரியும் நல்லாருக்கு'ன்னீங்க. அதைப் பிடிச்சிருக்குன்னு நாங்களா எடுத்துக்கிட்டோம். முப்பத்தெட்டு வருஷமாச்சு. சாகறதுக்குள்ள ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு பேரை, முழுசாச் சொல்லுங்களேன் பார்ப்போம்."

அது அவருக்குச் சுருக்கென்று தைத்தது. உண்மையாகவே அன்று அவருக்குப் பிடித்தது பெண்தான். கேசரியில் ஒரே நெய்.

பதினைந்து வருஷமாக எந்தப் பட்டிமன்றத்துக்கும் வராத ராஜலக்ஷ்மி அன்று பட்டுப்புடவை கட்டிக்கொண்டு மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தாள். பிச்சை முழங்கினான். ஜெபசெல்வி மேஜையைக் குத்தினாள்; தண்ணீர் கிளாஸ் கவிழ்ந்தது. பிறகு சாக்பீஸை நடுவர் கையில் கொடுத்தார்கள்.

சிவகுருநாதன் போர்டில் எழுதினார்: 'சுகர் ரே.'

நிறுத்தினார். திரும்பிப் பார்த்தார். பிச்சையும் சிரித்துக்கொண்டிருந்தான், ஜெபசெல்வியும் சிரித்துக்கொண்டிருந்தாள். கூட்டமே கைதட்டத் தயாராக இருந்தது. இறங்கிவிடலாம். ஒரு கால் படியில்கூட வைத்துவிட்டார்.

ராஜலக்ஷ்மி மட்டும் சிரிக்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையில் கேசரி இருந்தது.

போனால் மூன்று பல். சிவகுருநாதன் திரும்பவும் மேடை ஏறி, போர்டு கிறீச்சிட எழுதினார். போதாதென்று, தொண்டை கட்டியதையும் மறந்து கத்தினார்:

"ராபின்சன்! சுகர் ரே ராபின்சன்! அவர் மட்டும்தான்!"

கூட்டம் முழுவதும் "ஐயோ" என்றது. ஜெபசெல்வி தலையில் கைவைத்தாள். அது நியாயம். ஆனால் ஜெயித்த பிச்சை ஏன் தலையில் கைவைத்துக்கொண்டு தரையில் உட்கார வேண்டும்? சிவகுருநாதன் எதற்கும் இருக்கட்டும் என்று வாயைப் பொத்திக்கொண்டார். மூன்றாவது வரிசையில் ராஜலக்ஷ்மி மட்டும் எழுந்து நின்று கைதட்டிக்கொண்டிருந்தாள்.

கரீம் பாட்சா தொங்கிய முகத்தோடு மேடையேறி வந்து, அவர் காதருகில் குனிந்தார்.

"கவுத்திட்டியளே சார்! நீங்க ரெண்டு பேரையும்தான் சொல்லுவியன்னு கிளப்பே பந்தயம் கட்டி, அதுக்குத்தான் ரெண்டு பக்கமும் ஆளை விட்டு மிரட்டுனோம். ஒரே பேருதான்னு எதுத்துக் கட்டுனது, அன்னைக்குப் பை பாக்க வந்த நம்ம அக்கா ஒருத்தங்கதான். பிரவுன் பையும் கறுப்புப் பையும் பொதிஞ்சு வச்சிருக்கேன், போகும்போது வாங்கிட்டுப் போங்க."