நான் துடைத்த பந்தய சைக்கிள்

எனக்கு வாய் கிடையாது. கைதான் சும்மா இருக்காது. வீட்டுக்கு நாலு பேர் வந்தால் அடுப்படிக்குள் போய், கழுவிய பாத்திரத்தையே இன்னொரு தரம் கழுவிக்கொண்டிருப்பேன். (பேச வராதவளுக்கு வேறு என்ன வழி?) அந்தக் கை செய்த காரியத்தை இப்போதாவது சொல்லிவிடுகிறேன்.

எழுபதுகளின் தொடக்கம். கல்யாணமாகிச் சைதாப்பேட்டைக்கு வந்து நாலு மாதம். அந்த வீட்டில் என்னைவிட மரியாதை ஒரு சைக்கிளுக்கு. லேத்துப் பட்டறை வைத்திருந்த என் மாமனார், வாலிபத்தில் தன் கையால் குழாய் அறுத்து, பற்றவைத்துச் செய்த பந்தய சைக்கிள். பிரேக் கிடையாது, மணி கிடையாது, ஸ்டாண்டும் கிடையாது. அவர் ஓட்டி ஜெயித்ததை இப்போது என் வீட்டுக்காரர் ஓட்டினார்.

அந்த வருடம் விஜயதசமியன்று மைதானத்தில் வட்டப் பந்தயம். முதலில் வருகிறவருக்கு ஒரு தொழிற்சாலையில் நிரந்தர வேலை என்று சொல்லியிருந்தார்கள். இரண்டு நாள் முன்னால் மாமனார் புது டயர் போட்டார். அந்தச் சைக்கிளுக்கு டயரைச் சக்கரத்தில் பசை தடவி ஒட்டவேண்டுமாம். எனக்கு அது தெரியாது. (கேட்டிருக்கலாம். கேட்கிற ஆளா நான்?)

ஆயுத பூஜைக்கு எல்லாவற்றையும் துடைத்துப் பொட்டு வைப்பது என் வேலை. சுத்தியல், அரம், அரிவாள்மணை எல்லாம் முடித்துச் சைக்கிளிடம் வந்தேன். டயர் ஓரமெல்லாம் பழுப்பாகப் பிசுக்கு! விடுவேனா? துணியை மண்ணெண்ணெயில் நனைத்து, காற்றில்லாத டயரை நெம்பி நெம்பி, உள்ளே விரலை விட்டுச் சுற்றிலும் தேய்த்தேன். சக்கரம் வெள்ளித் தட்டாக மின்னியது. சாயங்காலம் காற்றடித்ததும் டயர் விறைப்பாக உட்கார்ந்துகொண்டது. யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

"இன்னாம்மா, வண்டி மாப்ள கணக்கா கீது!" என்றார் மாமனார்.

நான் வெட்கப்பட்டுக் கதவுக்குப் பின்னால் போனேன். அந்த வீட்டில் எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு.

மறுநாள் மைதானத்தில் பெண்கள் பக்கம் முந்தானையைக் கடித்துக்கொண்டு நின்றேன். கடைசிச் சுற்று. என் வீட்டுக்காரர்தான் முன்னால். "வுடாத, மிதிடா, மிதி!" என்று மாமனார் கத்துகிறார். திருப்பத்தில் சைக்கிள் சாய்ந்தது. முன் டயர் வாழைப்பழத் தோல் மாதிரி உரிந்துகொண்டு வந்தது. சைக்கிள் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். தோள்பட்டை எலும்பு முறிந்தது. பின்னால் வந்த யாரோ ஜெயித்து, வேலையையும் வாங்கிக்கொண்டு போனார்.

"இன்னா நைனா, பசை போட்டியா இல்லியா?" என்று அப்பாவைப் பார்த்து வலியில் அலறினார் என் வீட்டுக்காரர்.

மாமனார் குனிந்து, சக்கரத்தை விரலால் தடவினார். விரலை மூக்கருகே கொண்டுபோனார். நிமிர்ந்து, தூரத்தில் நின்ற என்னைப் பார்த்தார். அவருக்குத் தெரிந்துவிட்டது.

"மறந்துட்டேன்டா," என்றார். "வயசாய்டுச்சு இல்ல."

அப்போதே நான் ஓடிப்போய்ச் சொல்லியிருக்கவேண்டும். 'நாளைக்குச் சொல்லலாம்' என்று இருந்தேன். அப்படியே ஒன்பது வருடம் ஓடி, அவரும் போய்விட்டார். அதுவரை அவர் அந்தப் பேச்சை எடுக்கவேயில்லை. சாப்பாடு போடும்போது மட்டும் அவர் தட்டில் இரண்டு கரண்டி கூட வைப்பேன். "போதும்மா, போதும்மா," என்பார்.

எங்கள் வீட்டில் இன்றும் தபால்தலை உரிந்தாலும், செருப்பின் அடி பிய்ந்தாலும், "தாத்தா ஒட்டினதா?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். என் வீட்டுக்காரர்தான் பலமாகச் சிரிப்பார். போன வாரம் சுவரில் ஒட்டியிருந்த கொக்கி காலண்டரோடு விழுந்தது. மாமனாரைப் பார்த்தே இராத என் பேத்தியும் அதையே கேட்டாள். எல்லோரோடும் சேர்ந்து நானும் சிரித்தேன். அன்றைக்குத் தூக்கம் வரவில்லை.

அதனால் எழுதுகிறேன். மாமா பசை போட்டிருந்தார். நன்றாகத்தான் ஒட்டியிருந்தது.