மெத்தைக்கடியில் மெட்டஃபர்

என் மனைவி படிக்கக் கூடாது என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. தாராளமாகப் படிக்கட்டும். ராத்திரிச் சாப்பாட்டைச் செய்து வைத்துவிட்டுப் படிக்கட்டும் என்பதுதான் என் கட்சி. அவளோ திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் சாயங்காலம் ஆங்கில வகுப்புக்குக் கிளம்பிவிடுகிறாள். அந்த மூன்று நாளும் அடுப்படி என் தலையில். நான் மெத்தைக் கடையில் சேல்ஸ்மேன். நாள் முழுக்க அடுத்தவரைப் படுக்க வைக்கிற வேலை. வீட்டுக்கு வந்தால் நானும் கொஞ்சம் படுக்கலாம் என்று நினைப்பது தப்பா?

ஆகவே அந்த வகுப்பை நிறுத்துவது என்று தீர்மானித்தேன். சண்டை போட்டால் ஜெயிக்க மாட்டேன் என்பது பதினாறு வருஷ அனுபவம். அதனால் அன்பாகப் போனேன்.

“ஏம்மா, பஸ்ல இடிபட்டு அவ்வளவு தூரம் போகணுமா? வீட்டுலயே நான் சொல்லித் தரேனே.”

“உங்களுக்கு இங்கிலீஷ் தெரியுமா?”

“கரைச்சுக் குடிச்சவன்.”

என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “சரிங்க. பரீட்சைக்கு ஒரு மாசம் இருக்கு. அதுவரைக்கும் நீங்களே சொல்லிக் கொடுங்க. ஃபர்ஸ்ட் வந்துட்டா அப்புறம் எதுக்கு அங்க படிக்கப் போறேன்?”

“என்ன பாடம்?”

“லிட்டரரி டிவைஸ். அப்புறம் நாலு விதமான வாக்கியம்.”

டிவைஸ் என்றதும் எனக்கு மிக்ஸியும் இஸ்திரிப் பெட்டியும்தான் ஞாபகம் வந்தன. மறுநாளே ஒரு கைடு வாங்கி, கடையில் பார்வைக்குப் போட்டிருந்த மெத்தைக்கு அடியில் ஒளித்து வைத்தேன். முதலாளி சாப்பிடப் போகிற நேரத்தில் உருவிப் படிப்பேன். ஒருநாள் மறுபடி சொருகி முடிப்பதற்குள் ஒரு வாடிக்கையாளர் வந்து தொப்பென்று படுத்துவிட்டார்.

“என்னங்க, முதுகுல ஏதோ இடிக்குது?”

“அது ஆர்த்தோ மாடல் சார். முதுகெலும்புக்கு நல்லது.”

“அப்படின்னா இடிக்கிறதாவே ஒண்ணு வீட்டுக்கு அனுப்புங்க.”

புத்தகத்தைப் பிரிய மனமில்லாமல் ஸ்டாக் இல்லை என்று சொல்லி அனுப்பினேன்.

முதல் பாடத்துக்கு ஹாலில் உட்கார்ந்து தொண்டையைச் செருமினேன்.

“இங்க வேணாங்க, பக்கத்து வீட்டு டிவி சத்தம் காதைக் கிழிக்குது. சமையலறையில வச்சுக்கலாம். நான் நோட்ஸ் எடுக்கணும், கை ஒழியாது. நீங்க பேசிக்கிட்டே அந்த வெங்காயத்தை மட்டும் நறுக்கிடுங்க.”

வெங்காயம்தானே. நறுக்கினேன்.

“சிமிலின்னா என்னங்க?”

“ஒண்ணை இன்னொண்ணு மாதிரின்னு சொல்றது. உன் முகம் நிலா மாதிரி இருக்கு.”

“அப்ப மெட்டஃபர்?”

“அதுல ‘மாதிரி’ வராது. நீயே நிலா.”

“ஏன் கண்ணு கலங்குது?”

“வெங்காயம்.”

“நான் பாசம்னு நினைச்சேன். அடுப்பைக் கொஞ்சம் சின்னதா வைங்க. ஹைப்பர்போலி?”

“அளவுக்கு மீறி ஏத்திச் சொல்றது. இந்த மெத்தையில படுத்தா அறுபது வயசு ஆளு இருபது வயசா எழுந்திருப்பாருங்கிற மாதிரி.”

“இங்கிலீஷைக் கரைச்சுக் குடிச்சவன்ங்கிற மாதிரி,” என்று எழுதிக்கொண்டாள்.

அடுத்த வாரம் வாக்கியங்கள். வெளியே தேடிப் போக அவசியமே இருக்கவில்லை. உருளைக்கிழங்கு வெந்துவிட்டது: செய்தி. உப்பு போட்டீங்களா: கேள்வி. கிளறுங்க: கட்டளை. ஐயோ, அடி பிடிச்சிடுச்சே: உணர்ச்சி. நான்கும் ஒரே வாணலியில் கிடைத்தன.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த ஒரு மாதம் நான் சந்தோஷமாக இருந்தேன். பதினாறு வருஷத்தில் என் பேச்சை அவள் எழுதி வைத்துக்கொண்டது அதுதான் முதல் தடவை. அந்தக் குஷியில், வாரத்தில் மூன்று நாள் சமைத்தவன் இப்போது தினமும் சமைக்கிறேன் என்பது என் மூளைக்கு எட்டவே இல்லை.

பரீட்சையில் அவள்தான் ஃபர்ஸ்ட். சான்றிதழ் வாங்க நானும் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு கூடவே போனேன். வகுப்பை நடத்தும் டீச்சரம்மா என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார்.

“உங்களைத்தான் சார் பார்க்கணும்னு இருந்தேன். சமையலறையை வச்சு இவ்வளவு தெளிவா யாரும் சொல்லி நான் கேட்டதில்ல. புதுசா சேர்றவங்களுக்கு இதே முறையில பாடம் நடத்த ஒரு ஆள் வேணும்.”

எனக்குத் தலைகால் புரியவில்லை. “கடையில ஒரு வார்த்தை கேக்கணும்...” என்று இழுத்தேன்.

“நீங்க எதுக்கு சார் கேக்கணும்? உங்க வீட்டம்மாவே நடத்துறேன்னு ஒத்துக்கிட்டாங்க. தினமும் சாயங்காலம் வகுப்பு. வீட்டுல சமையல் என்னாகும்னுதான் நான் கவலைப்பட்டேன். நோட்டைக் காட்டினாங்க, கவலை போயிடுச்சு.”

நோட்டை வாங்கிப் பிரித்தேன். இடது பக்கம் நான் சொன்ன பாடம். வலது பக்கம் வேறொரு பட்டியல், சிவப்பு மையில். வெங்காயம்: தேறிவிட்டார். முட்டை: பரவாயில்லை. உருளைக்கிழங்கு: இரண்டு முறை கருக்கினார், மூன்றாவது முறை அருமை. கடைசிப் பக்கத்தில் பெரிதாக, ‘இனி தனியாக விடலாம்’.

நான் பாடம் எடுத்த மாதம் முழுக்க எனக்குத்தான் பாடம் நடந்திருக்கிறது. கோபம் வரவேண்டியது. அந்த ‘அருமை’யைப் பார்த்ததும் வரமாட்டேன் என்றது.

திரும்பும்போது பஸ்ஸில் என் தோளைத் தொட்டு, “ஞாயித்துக்கிழமை மட்டும் லீவுங்க,” என்றாள்.

“சமையலுக்கா?” ஆசையாகக் கேட்டேன்.

“வகுப்புக்கு.”