பெண்ணுக்கு மட்டும் எவர்சில்வர்

இதை எழுதலாமா வேண்டாமா என்று நாலு வருஷமாகப் பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். ஆனால் தயங்கியது அதற்காக அல்ல.

டெல்லி மாநகரத்திலேயே பெருமாள் சன்னதியில் நின்று புளியோதரையோடு சண்டை போட்ட ஒரே மனிதர் டப்பா மாமாதான். ரிடையரான குமாஸ்தா. கல்யாணமோ காரியமோ, பையில் எவர்சில்வர் டப்பாவோடுதான் வருவார். சரோஜினி நகர் மார்க்கெட்டில் பாலிதீன் பையில் கொதிக்கக் கொதிக்கச் சாம்பார் கட்டுகிறவனிடம், "பையில இருக்கறதெல்லாம் சாம்பார்ல எறங்கும்டா பையா!" என்று தமிழிலேயே கத்துவார். அவன் "அச்சா, அச்சா" என்று இன்னொரு பையையும் போட்டு இரட்டையாகக் கட்டிக் கொடுப்பான்.

என் பெண் கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து உண்டானாள். பன்னிரண்டு சனிக்கிழமை கோயிலில் புளியோதரை கொடுப்பதாக வேண்டிக்கொண்டேன். வந்தவர் ஒருவர்கூட மறுக்காமல் வாங்கிக்கொண்டால்தான் வேண்டுதல் பலிக்கும் என்பது என் நம்பிக்கை. மோதி பாக்கில் இருந்த எங்கள் வீட்டிலேயே சுடச்சுடப் பிளாஸ்டிக் கிண்ணங்களில் அடைத்து மூடி எடுத்துப் போனேன்.

முதல் வாரமே டப்பா மாமா கை நீட்டவில்லை.

"பிரசாதத்தை வேண்டாங்கறேளே மாமா, அடுக்குமா?"

"பிரசாதம் வேணும் மாமி. அது பிளாஸ்டிக்ல வெந்துண்டு வந்திருக்கே, அதான் வேண்டாம்."

"உங்க டப்பாவுல மாத்தித் தரேன்."

"வெந்தது வெந்ததுதானே?"

அடுத்த வாரம் செய்தித்தாளில் பொட்டலம் கட்டினேன். "அச்சு மையும் பிரசாதமா?" என்றார். அதற்கடுத்த வாரம் வெள்ளிக் காகிதம். "புளிக்கும் அலுமினியத்துக்கும் ஆகாது மாமி." நாலாவது வாரம் ஜனக்புரிவரை பஸ்ஸில் போய் இலைத் தொன்னை வாங்கி வந்தேன். மாமா நகத்தால் சுரண்டினார். பாலாடை மாதிரி பளபளவென்று ஒரு படலம் உரிந்து வந்தது. "வெளியில இலை, உள்ள பிளாஸ்டிக். பேஷ்!" வரிசையே சிரித்தது. எனக்கு அழுகை வந்தது. அலுத்துப்போய்ப் பழைய கிண்ணத்துக்கே திரும்பினேன்.

"அப்படி என்னதான் ஆயிடும், சொல்லுங்கோ!" என்றேன் ஐந்தாவது வாரம்.

"இன்னதுதான் ஆகும்னு டாக்டர்களுக்கே நிச்சயமாத் தெரியலை. வயித்துல இருக்கற குழந்தைக்குக் கெடுதல் பண்ணலாம்கறா. பண்ணாமலும் இருக்கலாம்."

"கர்ப்பிணி இருக்கற வீட்டைப் பத்தி வாயை வைக்காதேள்!" என்று சன்னதியிலேயே கத்திவிட்டேன்.

ஆனால் மறுவாரம் அடைப்பதற்கு முன்னால், என் பெண்ணுக்கு மட்டும் எவர்சில்வர் சம்புடத்தில் தனியாக எடுத்து வைத்தேன். மற்ற எல்லோருக்கும் பிளாஸ்டிக்.

கோயில் மண்டபத்தில் அவள் சம்புடத்தைத் திறப்பதை மாமா பார்த்துவிட்டார். தொலைந்தோம் என்று நின்றேன். அவர் கத்தவில்லை.

"அவளுக்கு எடுத்து வெச்சுட்டேளா? நல்லது மாமி."

அவர் பார்வை வரிசைப் பக்கம் போயிற்று. அங்கே இன்னொரு பெண், நிறைமாதம், நான் கொடுத்த பிளாஸ்டிக் கிண்ணத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருந்தாள்.

இத்தனை வருஷம் எழுதவிடாமல் தடுத்தது அந்தக் காட்சிதான்.

மிச்சமிருந்த ஆறு வாரமும் அண்டாவோடு போனேன். எல்லோரையும் வீட்டுப் பாத்திரம் கொண்டுவரச் சொன்னேன். கூஜா வந்தது, குக்கர்கூட வந்தது. வெறுங்கையோடு வந்தவர்களுக்கு மாமா தன் டப்பாவைக் கொடுத்து, அவர்கள் சாப்பிட்டதும் கழுவி அடுத்தவருக்கு நீட்டினார். கடைசியில் அவருக்கு அடிப்பிடித்ததுதான் மிஞ்சும். கை நீட்டி வாங்கிக்கொண்டு, "உப்பு ஜாஸ்தி" என்பார்.

பேரன் பிறந்தான். அது பெருமாள் கருணை. டப்பாவால் என்று சொல்ல எனக்குத் தெரியாது. மாமா பிள்ளையோடு பூனா போய்விட்டார். எனக்கும் அண்டா தூக்க முடியவில்லை. கோயிலில் மறுபடி பிளாஸ்டிக்தான்.

இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள். சொல்லும்போது கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள். என்னை நல்லவளாக்கிவிட வேண்டாம். அவரைச் சண்டைக்காரர் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.