கோட்டைவாசல் பேய்க்குக் கொடுத்த தாலி

பயம் வந்தால் எல்லாரும் "முருகா" என்பார்கள். நான் அண்ணனின் கலியாணத் தாலியைத் தூக்கிக் கொடுத்தவள்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு தை மாதம். நாங்கள் புலம்பெயர்ந்து வந்து குடியேறிய ரெக்ஸ்டேலில் ஓர் இத்தாலியரின் கலியாண மண்டபம். அந்த மனுசன் தன் ஊர்க் கோட்டைவாசலை அப்படியே முகப்பில் கட்டி வைத்திருந்தார். வெளியே ஒரு வளைவு, உள்ளே ஒரு வளைவு, இடையில் கல்லால் கூரை மூடிய இருட்டு நடை. எதிரி நேரே பாய்ந்து வரக்கூடாதென்று நடை நடுவில் திரும்பும். அந்தத் திருப்பத்தில் நின்றால் இரண்டு வாசலும் தெரியாது. தலைக்கு மேலே சதுரமாய் ஒரு துளை.

"அதாலதான் கொதிக்கிற எண்ணெயை ஊத்துறவையாம்," என்று மண்டபம் பார்த்துவந்த அன்றே அண்ணன் சொல்லிவிட்டான். (சொல்லாமல் இருந்திருக்கலாம்.)

மாப்பிள்ளையின் தங்கை என்பதால் நான்தான் தோழி. கூறைச்சேலையும் தாலிக்கொடியும் வைத்த தட்டம் என் பொறுப்பு. பனிச் சப்பாத்தைக் கழற்றிச் செருப்பு மாற்றிய அவசரத்தில் தட்டத்தைக் காரிலேயே விட்டுவிட்டேன். முகூர்த்தத்துக்குக் கால் மணித்தியாலம். "ஓடடி, எருமை!" என்றார் அம்மா.

திறப்பைப் போட்டுக் காரைத் திறந்து, தட்டத்தை எடுத்துக்கொண்டு தனியே திரும்பி வந்தேன். திருப்பத்தில் வெளிச்சம் அற்றுப்போனது. வெளிக்குளிரைவிட அந்தக் கல்லின் குளிர் பொல்லாதது. நான் நடக்க இன்னொருவரும் நடந்தார். நான் நின்ற பிறகும் அவர் ஓரடி வைத்தார். மெல்ல நிமிர்ந்தேன். துளைக்குள் ஒற்றைச் சிவப்புக் கண்.

"நில்லும்..." என்றது நாலு பக்கச் சுவரும். "தாலியை... மேல... தூக்கும்..."

இத்தாலியப் பேய்க்கு எப்படித் தமிழ் தெரியும் என்று யோசிக்க எனக்கு மூளை இருக்கவில்லை. "இந்தாங்கோ, எடுங்கோ! என்னை விடுங்கோ!" என்று தட்டத்தை நிலத்தில் வைத்துக் கும்பிட்டுவிட்டு, சேலையை முழங்கால்வரை தூக்கிக்கொண்டு ஓடினேன்.

மணவறையில் ஐயர் மணிக்கூட்டைப் பார்த்தார். அம்மா என் வெறுங்கையைப் பார்த்தார்.

"தாலி எங்கையடி?"

"பேய் கேட்டது... குடுத்திட்டன்."

பெண்ணின் தகப்பன் எழும்பிவிட்டார். மண்டபம் செத்தவீடு மாதிரிக் கிடந்தது. அண்ணனின் முகத்தைப் பார்த்ததும் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அப்போது கலியாண வீடியோ எடுக்க வந்த அண்ணை மூச்சிரைக்க ஓடிவந்தார். தோளில் சிவப்பு லைற் எரியும் கமரா, கையில் தட்டம். துளைக்கு மேலுள்ள அறையில் ஏறி நின்று வடிவான காட்சி ஒன்று எடுத்தாராம்.

"தங்கச்சி, ஒருக்காத் திரும்ப நடந்து வாறீரோ? ஓடினது கமராவில சரியா விழேல்லை."

முகூர்த்தம் தப்ப இரண்டே நிமிடம் இருக்க, அண்ணன் தாலி கட்டினான்.

ஓடியது நன்றாகவே விழுந்திருந்தது. வீட்டுக்கு வருகிற அத்தனை பேருக்கும் அண்ணி அந்தக் கசெற்றைப் போட்டுக் காட்டுவார். நான் நின்ற பிறகும் கேட்ட அந்த ஓரடி அதிலும் கேட்கிறது. எதிரொலி என்கிறார்கள்; இருக்கட்டும்.

இன்றைக்கும் அண்ணன் என்னிடம் எதையாவது கேட்டு நான் மாட்டேன் என்றால் போதும், சபை கூட்டிச் சொல்லுவான்:

"பேய் கேட்டா என்ர தாலியையே குடுப்பாள். நான் கேட்டாக் கார்த் திறப்புக்கூடத் தரமாட்டாள்."