இன்ஜினுக்கு எந்தப் பச்சை?

பழைய கார் வாங்கியவர்களில் இரண்டு வகை உண்டு. ஒருவர் அதை ஓட்டுவார். மற்றவர் அதற்கு அசல் நிறம் தேடுவார். முதல் வகையைப் பற்றி எழுத அதிகமில்லை, சென்னை போகும் ஜி.எஸ்.டி. சாலை ஓரத்தில் பானெட்டைத் திறந்துவைத்துக்கொண்டு நிற்பவர்களில் ஒருவராக நீங்கள் அவரைப் பார்த்திருப்பீர்கள். நான் சொல்ல வந்தது இரண்டாமவரைப் பற்றி. அவருக்கு அசல்வாதி என்று பெயர் வைத்திருக்கிறேன்.

அசல்வாதியை எப்படி அடையாளம் காண்பது? சுலபம். வலது கைச் சுட்டுவிரல் நகத்தைப் பாருங்கள். எண்ணெய்ப் பிசுக்கும் அதனடியில் கொஞ்சம் பச்சையும் இருக்கும். எங்கே ஒரு பழைய இன்ஜினைக் கண்டாலும், அது அடுத்த வீட்டுக்காரருடையதாக இருந்தாலும், வயலில் நிற்கும் டிராக்டராக இருந்தாலும், துக்கம் கேட்கப் போன வீட்டு வாசலில் நிற்கும் வண்டியாக இருந்தாலும், குனிந்து சுரண்டிப் பார்த்து, "இது ரீபெயிண்ட்" என்று சொல்லிவிட்டுத்தான் நிமிர்வார். யார் கேட்டார்கள்? ஒருவரும் கேட்கவில்லை.

எங்கள் செங்கல்பட்டில் இந்த இனத்தின் பழுதற்ற மாதிரி வெங்கடராகவன். மறைமலைநகரில் கார் பாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் தரப் பரிசோதனைப் பிரிவிலிருந்து ஓய்வு பெற்றவர். ஆயுள் முழுவதும் சரியில்லை சரியில்லை என்று பாகங்களைத் திருப்பி அனுப்பிய மனிதருக்கு, வீட்டில் திருப்பி அனுப்ப ஒன்றும் இல்லாமல் போனதால் ஒரு பழைய ஃபியட் வாங்கினார். வெளியே வெள்ளை, அதில் தகராறில்லை. தகராறு இன்ஜினில். அதை இறக்கி மெக்கானிக் முனிசாமியின் ஷெட்டில் கட்டைமேல் வைத்துச் சுரண்டினார். பிசுக்குக்குக் கீழே கறுப்பு, கறுப்புக்குக் கீழே சாம்பல், சாம்பலுக்குக் கீழே பச்சை, பச்சைக்குக் கீழே இரும்பு. ஆக, பச்சை. உங்களுக்கும் எனக்கும் வேலை இங்கே முடிந்துவிடும். அசல்வாதிக்கு இங்கேதான் ஆரம்பம். எந்தப் பச்சை?

சுரண்டிய செதிலை மனைவி சௌந்தரவல்லியின் வெள்ளிக் குங்குமச் சிமிழில் பத்திரப்படுத்தினார். வெள்ளிக்கிழமை தாம்பூலம் வாங்க வந்த மாமிகளுக்குச் சிமிழைத் திறந்து நீட்டிய பிறகுதான் அந்த அம்மாளுக்கு விஷயம் தெரிந்தது. மழைக்குப் பிந்தைய கொளவாய் ஏரிப் பச்சையா, வாடின வாழையிலைப் பச்சையா என்று முடிவாகாமல், கடையில் கலந்து தந்த ஒவ்வொரு பச்சையையும் ஒரு தகரத் துண்டில் அடித்துக் காயவைத்தார். டியூப்லைட் நிறத்தைக் கெடுக்கும் என்று தகரங்களைப் பையில் போட்டுக்கொண்டு மாமல்லபுரத்துக்கு பஸ் ஏறினார். கடல் வெளிச்சம்தான் உண்மையான வெளிச்சமாம். மூடிய பானெட்டுக்குள் கடல் வெளிச்சம் எப்படி வரும் என்று நான் கேட்டேன். அன்றோடு என்னையும் ரீபெயிண்ட் ரகத்தில் சேர்த்துவிட்டார்.

கடற்கரையில் படகுக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்த ஒருவரிடம் தகரங்களைப் பரப்பி, எது சரி என்று கேட்டிருக்கிறார்.

"எத்த அட்ச்சா இன்னா அண்ணாத்த? மீனு கண்டுக்கவா போவுது?"

அறியாமையை மன்னித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பினார்.

அசல்வாதி எல்லோரிடமும் கருத்துக் கேட்பார். சொன்னால் ஆதாரம் கேட்பார். ஆதாரத்தோடு சொன்னால், "அது பின்னாடி வந்த மாடல்" என்பார். சௌந்தரவல்லி முதல் நாளே ஒரு தகரத்தைக் காட்டி, "ஏன்னா, இது நன்னாருக்கே" என்றாள். அந்தத் தகரம் அன்றைக்கே குப்பைக்குப் போயிற்று.

இதெல்லாம் வேடிக்கையாகவே போயிருக்கும், மகள் ஹம்சினிக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்காவிட்டால். கல்யாணத்துக்கு முந்தின மாலை மாப்பிள்ளையை அழைத்து வரும் ஜானவாச ஊர்வலத்துக்கு வாடகைக் கார் வேண்டாம், மாப்பிள்ளை எங்கப்பாவின் ஃபியட்டில்தான் வருவார் என்று அவளே சம்பந்தி வீட்டில் வாக்குக் கொடுத்துவிட்டாள். அப்பாமேல் அவ்வளவு நம்பிக்கை. பாவம்.

"அப்பா, வண்டி ரெடியாயிடுமோல்லியோ?"

"இன்ஜின் ரெடிம்மா. கலர்தான் பாக்கி."

"கலர் இல்லேன்னா ஓடாதா?"

அவர் தகரப் பையை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குக் கிளம்பினார்.

முனிசாமியோ கெஞ்சிப் பார்த்தார். "சார், இஞ்சினு எறக்குனப்ப எம் பொண்ணு தவந்துகினு இருந்துச்சி. இப்ப இஸ்கூலுக்குப் போய்க்கினு கீது. கல்யாணத்த வெச்சிக்கினு பேஜாரு பண்ணாத சார், எதுனா ஒரு கலரு சொல்லு, அட்ச்சி மாட்டி உட்டுர்றேன்."

சொன்னார். அடித்தார்கள். காய்ந்ததும் நீலம் தட்டுகிறது என்று சுரண்டச் சொன்னார். மறுபடி அடித்தார்கள். மஞ்சள் தட்டியது. ஜானவாசத்தன்று காலையில் இன்ஜின் கட்டைமேல் ஈரமாக மின்னிக்கொண்டிருந்தது. அதைக் காயவைத்து மாட்ட நேரமில்லை.

ஹம்சினி அழுததை என்னால் கேலியாக எழுத முடியாது. "எல்லார்கிட்டயும் சொல்லிட்டேனேப்பா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

வழி சொன்னது சௌந்தரவல்லி. "நாயனக்காரருக்குப் பின்னாடி கார் பறக்கவா போறது? தள்ளிண்டு போகச் சொல்லுங்கோ."

தள்ளினார்கள். முனிசாமியும் ஷெட் ஆட்களும் பட்டுக்கரை வேட்டி கட்டி, சொந்தக்காரர்கள்போலப் பின்பக்கம் கைவைத்து நடந்தார்கள். பானெட்டின்மேல் பூச்சரங்கள், உள்ளே கோட்டு சூட்டோடு மாப்பிள்ளை ஆதித்யா. இன்ஜின் இல்லாத கார் கோயில் வாசலிலிருந்து கல்யாண மண்டபம்வரை, புகையில்லாமல், இரைச்சலில்லாமல், நாயனம் நின்றபோது நின்று, நடந்தபோது நடந்து வந்தது. "என்ன மெயின்டனன்ஸ்! சத்தமே கேக்கலையே" என்று சம்பந்தி வீட்டார் வாயைப் பிளந்தார்கள். மண்டபத்து மாடி ஜன்னலில் ஹம்சினி சிரித்தாள்.

மண்டப வாசலில் வந்தது வினை. மாப்பிள்ளையைச் சிறுவயதிலிருந்து வளர்த்த பெரியப்பா பத்ரி, ஆரத்திக்கும் காத்திராமல் நேராகக் காரின் முன்னால் வந்து நின்றார்.

"பானெட்டைக் கொஞ்சம் திறங்கோளேன்."

ஜன்னலில் சிரிப்பு நின்றது. சம்பந்தி கேட்டால் மறுக்க முடியுமா? வெங்கடராகவன் பூவை ஒதுக்கித் திறந்தார். உள்ளே தார் ரோடு தெரிந்தது. பத்ரி குனிந்து நெடுநேரம் பார்த்தார். அவர் கையை உள்ளே விட்டு, ஓரத்துத் தகரத்தை நகத்தால் மெல்லச் சுரண்டினார்.

"கலர் இன்னும் முடிவாகலையா?" என்றார், துக்கம் விசாரிக்கும் குரலில்.

"ஆகலை."

"அவசரப்படாதேள். என் வண்டியோடதும் கட்டைமேலதான் இருக்கு. பச்சைதானே?"

"பச்சைதான்."

"எந்தப் பச்சை?"

மறுநாள் காலை கன்னிகாதானத்துக்குப் பெண்ணின் அப்பாவைத் தேடினார்கள். மண்டபத்துக்குப் பின்னால், நல்ல வெயிலில், சம்பந்திகள் இருவரும் தகரங்களை வரிசையாகப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பிடித்து இழுத்து வந்து மணையில் உட்காரவைத்தார்கள். எல்லாம் நல்லபடி நடந்தது. வாக்குத் தப்பவில்லை, மானம் போகவில்லை என்று ஹம்சினி நிம்மதியாக இருந்தாள். பாணிக்கிரகணம் வந்தது. ஆதித்யா அவள் கையைப் பற்றினான். குனிந்த தலையோடு அவள் அவனுடைய சுட்டுவிரலைப் பார்த்தாள். நகத்தடியில் கொஞ்சம் பச்சை.

சிரிக்கிறீர்கள். சிரிக்கலாம். உங்களிடம்தான் பழைய கார் இல்லையே. ஆனால், பச்சைக்குமேல் சாம்பல் இருந்தது என்று நான் சொன்ன இடத்தில், "சாம்பல்தானே அசல், இவனுக்கு என்ன தெரியும்?" என்று ஒரு நொடி நினைத்தீர்களா, இல்லையா? எதற்கும், வீட்டில் யாரும் பார்க்காதபோது கையை வெளிச்சத்தில் நீட்டிப் பாருங்கள். டியூப்லைட் வேண்டாம், அது நிறத்தைக் கெடுக்கும்.