ஒழுங்கை அண்ணையும் சுவீடன் கொக்கும்

ரொறன்ரோவில் வீட்டை விட்டு வெளியே போகும் தமிழர்களை இரண்டு வகையாகப் பிரிக்கலாம். ரோட்டால் போகிறவர்கள் ஒரு வகை. ஒழுங்கை அண்ணை மற்ற வகை. அந்த இரண்டாம் வகையில் அவர் ஒருவர்தான் இருக்கிறார். இன்னொருவர் இருந்தால் இந்த ஊர் தாங்காது.

ரொறன்ரோ ஓரத்தில் இருக்கும் எங்கள் மில்லிக்கனில் பால் வாங்கக் காரில்தான் போவோம். பால் வாங்கிய கடைக்கு எதிரே முட்டை வாங்க வேண்டுமென்றால் காரை எடுத்துக்கொண்டுபோய் அங்கே விடுவோம். இப்படிப்பட்ட இடத்தில், இருபத்தாறு வருடம் நெடுஞ்சாலையில் ட்றக் ஓடிவிட்டு ஓய்வுபெற்ற மனுசன், மறுநாளே காரை விற்று ஒரு சைக்கிள் வாங்கினார். வாங்கியதோடு விட்டாரா? இனிமேல் பெரிய ரோட்டில் சில்லு வைக்கமாட்டேன் என்று சபதமும் எடுத்தார். எங்கள் பக்கத்துப் பெரிய ரோட்டான ஸ்டீல்ஸ் அவெனியூவை அவர் குறுக்கே கடந்திருக்கிறார். அதன் வழியே போனதே இல்லை.

வீட்டு வேலிகளுக்கு நடுவே போகும் சின்னப் பாதையை யாழ்ப்பாணத்தில் ஒழுங்கை என்போம். ரொறன்ரோவில் அப்படி ஒன்று கிடையாது. இல்லாவிட்டால் என்ன, அண்ணை உண்டாக்கினார். மின்சாரக் கம்பிகளுக்குக் கீழே உள்ள புல்வெளி, பிளாசாக்களின் பின்பக்கம், பள்ளிக்கூட மைதானத்து ஓரம், இதெல்லாம் அவருடைய ஒழுங்கைகள். காரில் பன்னிரண்டு நிமிடத்தில் போகும் யூனியன்வில்லுக்கு அவர் ஒன்றேகால் மணித்தியாலத்தில் போவார். ஒருமுறை ஒழுங்கை என்று நம்பி ஒரு சீனக் குடும்பத்தின் பின்வளவுக்குள் புகுந்துவிட்டார். அவர்கள் இருத்தி வைத்துச் சாப்பாடு கொடுத்தார்கள். இப்போது அதுவும் அவருடைய நிரந்தர வழி.

அவர் மருமகனின் கலியாணத்தை எங்கள் பக்கத்தில் யாரும் மறக்கமாட்டார்கள். மண்டபத்துக்கு முன்னால் ஆறு லேன் ரோட்டு. அண்ணை பின்பக்கத்தால் வந்து, குப்பைத் தொட்டிகளைச் சுற்றி, குசினிக் கதவால் உள்ளே போனார். சமையல்காரர்கள் பிந்தி வந்த வேலையாள் என்று நினைத்து ஏப்ரன் ஒன்றைக் கட்டிவிட்டார்கள். மண்டபத்தில் "தாய்மாமன் உடனடியாக மணவறைக்கு வரவும்" என்று மைக்கில் மூன்று தரம் கூப்பிட்டார்கள். தாய்மாமன் குசினியில் பாயாசம் ஊற்றிக்கொண்டு நின்றார். கடைசியில் மாப்பிள்ளையின் தாயே வந்து ஏப்ரனோடு இழுத்துக்கொண்டு போனா. கூப்பிட்டது காதில் விழவில்லை என்றார். எல்லோரும் சிரித்தோம். அது பகிடி அல்ல என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அவருடைய சைக்கிள் கைபிடியில் ஒரு சின்னக் கருவி இருந்தது. அமத்தினால் ஒரு இலக்கம் கூடும். தன்னை முந்திப் போகும் ஒவ்வொரு காருக்கும் ஒரு அமத்து. ஒரு மணித்தியாலத்தில் ஐந்துக்கு மேல் போனால் அந்தப் பாதை தள்ளுபடி. மில்லிக்கனின் பாதி இப்படித்தான் தள்ளுபடியானது.

ஒருநாள் என்னைக் கூப்பிட்டு ஒரு வீடியோ காட்டினார். சுவீடனில் யாரோ ஒருவர் ஏரிக்கரையால் சைக்கிளில் போகிறார். பதினான்கு நிமிடம். ஏரி வருகிறது, சதுப்பு வருகிறது, மறுபடி ஏரி வருகிறது.

"உதிலை என்னண்ணை நடக்குது?"

"ஒண்டும் நடக்கேல்லை. அதுதான் விசேஷம். பொறும், ஒன்பதாம் நிமிசத்தைப் பாரும்."

ஒன்பதாம் நிமிடத்தில் சதுப்புக்குள் நின்ற ஒரு பெரிய கொக்கு கழுத்தை நிமிர்த்திக் கத்தியது. எங்களூர்க் கொக்கு நாலைக் கூட்டிக் கட்டிய அளவு. தொலைவில் யாரோ எக்காளம் ஊதினதுபோல் ஒரு சத்தம். அண்ணை கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

"வலது காது போயிட்டுதாம், டொக்டர் சொல்லுறார். இடதும் வெளிக்கிட ஆயத்தமாம். இருபத்தாறு வருசம் இஞ்சினைத்தானே கேட்டனான். மிச்சமும் போறதுக்கிடையிலை உந்தக் கொக்கை நேரை ஒருக்காக் கேக்கோணும், ஐசே."

"காதுக்கு மெஷின் போட்டால் என்ன?"

"மெஷினுக்குள்ளாலை கேக்கிறதெண்டால் உந்த வீடியோவிலையே கேக்கலாமே."

இதை என் மனைவி கேட்டுக்கொண்டு நின்றாள். எனக்குச் சீனி வியாதி. "அண்ணை, உவரையும் கூட்டிக்கொண்டு போங்கோ" என்றாள். ரிக்கற்றையும் அவளே போட்டாள்.

அண்ணை ஒரேயொரு நிபந்தனை வைத்தார். டென்மார்க் சகலனுக்குத் தெரியக்கூடாது. சகலன் என்றால் அவர் மனைவியின் தங்கச்சியைக் கட்டியவன். தங்கமான மனுசன். ஆனால் அவன் பேசினால் ரெலிபோன் தேவையில்லை, யன்னலைத் திறந்தால் போதும். அதோடு, சொந்தக்காரர் பக்கத்து நாட்டில் இருக்கும்போது அவர்கள் வீட்டில் தங்காமல் கூடாரத்தில் படுப்பது எங்கள் சனத்துக்குள் லேசில் மன்னிக்கிற குற்றமல்ல. அண்ணையின் மனைவி வாயைத் திறக்கவில்லை. திறந்தது யார் என்று பிறகு சொல்கிறேன்.

ஜூன் மாதம் போனோம். வாடகைச் சைக்கிள் இரண்டு, கூடாரம் ஒன்று, அண்ணை கழற்றிக்கொண்டு வந்த அந்த எண்ணும் கருவி. அப்படி ஒரு அமைதியை நான் கண்டதில்லை. ஏரி முடிந்தால் காடு, காடு முடிந்தால் சதுப்பு, சதுப்பில் பஞ்சுபோல் வெள்ளைப் பூ. என் முழங்கால் முறிகிற சத்தம் எனக்கே கேட்டது. மூன்று நாளில் எங்களை முந்தியவை நாலு கார், ஒரு ட்ராக்டர். ட்ராக்டரைக் கணக்கில் எடுப்பதா என்று அண்ணை அரைநாள் யோசித்தார். ஏரிக்கரையில் சைக்கிளை நிறுத்தி இடது காதைத் தண்ணீர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு நிற்பார். கொக்குகள் கூடும் பெரிய சதுப்பு, ஐந்தாம் நாள் விடிய. அன்று மத்தியானம் பிளேன். அதற்காகத்தான் எல்லாம்.

எல்லாம் சரி, சாப்பாடு? மூன்று நாளும் ரின்னில் அடைத்த மீன், கறுத்தப் பாண் ரொட்டி. அது பாண் அல்ல, செங்கல்லுக்குத் தம்பி. மூன்றாம் நாள் பின்னேரம் எனக்குக் கண்ணுக்குள் சோறு ஆவி பறந்தது. ஒரு செடிப் பத்தைக்குப் பின்னால் போய், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், டென்மார்க் சகலனுக்கு ஃபோன் எடுத்தேன்.

"அடேய்! எங்கை நிக்கிறியள்? லொக்கேசனை அனுப்படா!"

ஏரியில் இருந்த வாத்துகள் எழும்பிப் பறந்தன.

அடுத்தநாள் காலை, டென்மார்க்கையும் சுவீடனையும் இணைக்கிற கடல் பாலம் தாண்டி இரண்டு வான் வண்டி வந்து சேர்ந்தன. பதினொரு பேர். சோறு, ஆட்டிறைச்சிக் கறி, கத்தரிக்காய்ப் பொரிச்ச குழம்பு. இறங்கும்போதே சகலன் தொடங்கினான்.

"எங்கடை வீடு இருக்கேக்கை ரென்ற்றிலையோ படுக்கிறியள்? ஆக்கள் என்ன நினைப்பினம்?"

அண்ணை சுற்றிவரப் பார்த்தார். கண்ணுக்கெட்டிய தூரத்துக்கு ஏரிதான்.

"எந்த ஆக்கள்?" என்று கேட்டார்.

பிறகு என்னைப் பார்த்தார். நான் இரண்டாம் தரம் சோறு போட்டுக்கொண்டேன்.

சாப்பிட்டால் போகவேண்டியதுதானே? "உங்களைத் தனிய விடேலாது. கரடி நிக்கும்" என்றான் சகலன். நாங்கள் சைக்கிளில் முன்னே போக, இரண்டு வானும் நாலு பக்க லைற்றையும் மினுக்கிக்கொண்டு பின்னே ஊர்ந்தன. வளைவு வந்தால் பாதுகாப்புக்கு ஒரு ஹோண். சுவீடன்காரர் நல்ல சனம், முந்தமாட்டார்கள். வந்த கார்கள் எல்லாம் வானுக்குப் பின்னால் வரிசையாகச் சேர்ந்துகொண்டன. ஒரு வயதானவர் செத்தவீட்டு ஊர்வலம் என்று நினைத்துத் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு நின்றார். அண்ணை அவருக்குக் கைகாட்டினார். அந்த மனுசன் பயந்துபோனார்.

பின்னேரம் கருவியைப் பார்த்தேன். பூச்சியம்.

"அண்ணை, இண்டைக்கு ஒரு காரும் முந்தேல்லை! சாதனை!"

"பின்னுக்கு எத்தினை?"

"பதினேழு."

அவர் சைக்கிளைச் சாத்திவிட்டு வந்து இருந்தார். "நாளைக்கு விடியத்தான் கொக்கு. உந்தச் சனம் வந்தால் ஒரு கொக்கும் நிக்காது. இனி இஞ்சை வாற நேரம் எனக்குக் காது இருக்குமோ தெரியாது. ஒரு கோப்பைச் சோத்துக்கு என்ரை கொக்கைக் குடுத்திட்டீரே, ஐசே."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். மெதுவாகச் சொன்னார். எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது.

விடியற்காலை, பளிச்சென்ற வெளிச்சம், சதுப்பின்மேல் மட்டும் பனிப்புகார். சதுப்பின் நடுவே பலகைப் பாதை, முடிவில் பறவை பார்க்கிற பரண். பதின்மூன்று பேரும் போனோம். ஒருத்தி பிளாஸ்கில் தேத்தண்ணி கொண்டுவந்தாள். ஒரு பெடிச்சி "இட்ஸ் ஸோ போரிங், அப்பா" என்றாள். சகலனின் ஃபோன் நாதஸ்வரத்தில் அடித்தது. பக்கத்தில் நின்ற கொக்குகள் நடந்துபோய்ப் புகாருக்குள் மறைந்துவிட்டன. நான் சகலனின் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"அண்ணையின்ரை காது போகுதடா. உந்தச் சத்தத்தைக் கேக்கத்தான் கனடாவிலையிருந்து வந்தவர்."

"என்னது? எனக்கொருதரும் சொல்லேல்லையே!"

அவன் ஃபோனை நிறுத்தினான். திரும்பி எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தான். பத்துப் பேரும் வாயை மூடினார்கள். பத்து யாழ்ப்பாணத்தார் ஒரேயடியாக மௌனமானதை நான் என் கண்ணால் கண்டேன்.

வெகு நேரத்துக்குப் பிறகு, புகாருக்குள் தொலைவில், அந்த எக்காளம் கேட்டது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. சகலனின் மனைவி நெஞ்சில் கை வைத்தா. நான் அண்ணையைப் பார்த்தேன். அவர் அசையாமல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மறுபடி கத்தியது. அண்ணை என் பக்கம் திரும்பினார்.

"எப்பவாம் கத்தும்?"

அந்தத் தூரத்துச் சத்தம் இனி அவருக்கு எட்டாது என்பது எல்லோருக்கும் விளங்கிவிட்டது.

சகலன் கைகளை வாயில் குவித்தான். ஐயோ, என்ன செய்யப் போகிறான் என்று நான் நினைப்பதற்குள் கத்தினான். கொக்கு மாதிரியே கத்தினான். எந்தத் தொண்டைக்குப் பயந்து அண்ணை பக்கத்து நாட்டில் ஒளித்துத் திரிந்தாரோ, அந்தத் தொண்டை சதுப்பு முழுக்க அதிர்ந்தது. பறவை பார்க்கிற பரணில் இப்படிக் கத்தக்கூடாது என்பது எனக்கும் தெரியும். கொக்குகள் பதில் சொன்னதோ, ஏசினதோ, தெரியாது. இரண்டு புகாரைக் கிழித்துக்கொண்டு எழும்பி, கழுத்தை நீட்டிக் கத்திக் கத்தி, எங்கள் தலைக்கு நேர் மேலால் போயின.

அண்ணை இடது காதை வானத்துக்குக் கொடுத்துக்கொண்டு நின்றார். கண்ணால் தண்ணீர் ஓடியது. துடைக்கவில்லை.

"கேட்டுது" என்றார். பிறகு சகலனின் தோளைப் பிடித்தார். "இன்னொருக்காக் கத்தடா."

நாற்பது வருடத்தில் அவர் அவனைக் கத்தச் சொன்னது அதுதான் முதல் தரம்.

இப்போது கிழமையில் மூன்று நாள் நானும் அவரோடு ஒழுங்கைகளால் போகிறேன். சீனிக்காக என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன். எப்போதும் அவருக்கு இடப்பக்கமாகவே சைக்கிள் ஓடுகிறேன். கேட்கிற காது அந்தப் பக்கம். கார் வருவதும் அந்தப் பக்கம். வருகிற கார் அவருக்கு இப்போது சரியாகக் கேட்பதில்லை, அதனால் எண்ணும் கருவியை என்னிடம் தந்துவிட்டார். நேற்று அவர் ஆசையாய்க் கண்டுபிடித்த புதுப் பாதையில் ஒரே மணித்தியாலத்தில் ஒன்பது கார் முந்தின.

"எத்தினை, ஐசே?" என்று கேட்டார்.

"ரெண்டுதான் அண்ணை" என்றேன்.

அவர் முகம் மலர்ந்துபோய், "பாத்தீரே, நல்ல ஒழுங்கை" என்றார். அந்த முகத்துக்காக இந்த ஊர்க் கார் அத்தனையையும் ஒளித்துவிடலாம் போலிருந்தது.